ஒன்பதாவது பெயர்

தன் புருஷனுக்குத் தானே பெண் பார்த்து முடித்துவிட்டு, அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பதற்காக அஞ்சலாட்சி ஆலஞ்சேரியிலிருந்து புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வந்திருந்தாள். 1980ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். கமலவேணி மகள் சந்திரகலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்து பார்த்தவள், சீப்பைக் கையில் பிடித்தபடியே எழுந்துவிட்டாள்.

அஞ்சலாட்சியின் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நாலு வாழைப்பழம். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது.

“யாருக்குக் கல்யாணம், அஞ்சலாட்சி? ஒன் மக சுலோசனா சின்னப் பொண்ணாச்சே.”

“எங்க வூட்டுக்காரருக்குத்தாங்க்கா. பொண்ணு வேற யாருமில்ல, எங்க சித்தப்பா மொவ சின்னப்பாப்பா. நாந்தான் போயி கேட்டு முடிச்சேன்.”

கமலவேணி சீப்பைக் கீழே வைத்தாள். பத்து வருஷமாக அரசாங்க வேலையில் இருப்பவளுக்கு வாயில் முதலில் வந்தது அரசாங்கப் பேச்சுதான்.

“சட்டப்படி இது தப்புன்னு ஒனக்குத் தெரியும்தான?”

“தெரியும்க்கா. நீங்கதான சங்கத்துல சொல்லிக் குடுத்தீங்க.”

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. ‘இன்றைக்கு வெயில் அதிகம்’ என்பதைப் போலச் சொன்னாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க மாமியா ஊரு ஊரா பொண்ணு தேடிக்கிட்டுக் கெடந்தாங்க. எவளோ ஒருத்தி வந்து என்னையும் எம் பொண்ணையும் வெளிய தள்றதுக்கு, எங்க சாதிசனத்துல ஒருத்தியா இருந்தா ஒரு பக்கமாவது ஒண்டிக்கலாம். அதான். வந்துருங்கக்கா. பழைய சங்கத்து ஆளுங்க எல்லாரும் வராங்க.”

காபி கொடுத்தாள் கமலவேணி. குடித்துவிட்டு, சந்திரகலாவின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டு, பதினொன்றரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அஞ்சலாட்சி போய்விட்டாள். கமலவேணி பாதி பின்னிய தலையோடு உட்கார்ந்திருந்த மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு வருஷங்களுக்கு முன், 1973இல், கமலவேணி ஆலஞ்சேரிக்குக் கிராம சேவிகாவாகப் போனபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கிராமத்துப் பெண்களைக் கூட்டி மாதர் சங்கம் அமைப்பது, பிள்ளை வளர்ப்பு, சத்துணவு, தையல், எழுத்துக் கற்றுக்கொடுப்பது, இவைதான் வேலை. ஆலஞ்சேரிக்கு நேர் பஸ் கிடையாது. வில்லியனூர் தாண்டி மெயின் ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். முதல் மூன்று மாதம் ஒருத்தியும் வரவில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி என்னும் நகராட்சிக்காரர்கள் வரி வாங்க வந்து உட்காரும் ஓட்டு அறை ஒன்று ஊர் முகப்பில் சும்மா கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி, தனியாக உட்கார்ந்து, புதன்கிழமை தோறும் மூன்று மணிக்குப் பாயை விரித்து, ஐந்து மணிக்குச் சுருட்டி வைத்துவிட்டு வருவாள்.

முதலில் வந்தவள் செல்வாம்பாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனா வரைக்கும் போனவன். அவன் செத்த பிறகு பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஊரில் அவளைச் ‘சொல்தா வூட்டம்மா’, அதாவது சிப்பாய் வீட்டம்மா, என்பார்கள். யாருக்கும் பயப்படத் தேவையில்லாதவள். “நீ பாட்டுக்குத் தனியா ஒக்காந்து கெடக்கற, பாக்க நல்லா இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருத்திதான் அஞ்சலாட்சி. இருபத்திரண்டு வயது. இடுப்பில் கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி மூன்று வயதுப் பெண்.

அஞ்சலாட்சி வந்த பிறகுதான் சங்கத்துக்கு உயிர் வந்தது. மேலதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வேட்டியில் சேறு படாமல் நடந்து வருவதை அவள் நடந்து காட்டினால் கிழவிகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். கூடிய பெண்களில் முதலில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவளும் அவள்தான். தன் பெயரைக் கரியால் தன் வீட்டுச் சுவரில், மாட்டுக் கொட்டகைக் கதவில், தண்ணீர்த் தொட்டியில் என்று கண்ட இடத்தில் எழுதி வைத்து மாமியாரிடம் திட்டு வாங்கினாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் பதினொரு மணிக்குத்தான் வருவார். யாரும் கேட்டதில்லை. ஒரு புதன்கிழமை அந்தப் பேச்சு வந்தபோது, “நாம போயி ஒக்காந்துக்குவோம்” என்றாள் அஞ்சலாட்சி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருபது பெண்கள் போய்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு வரிசையாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். “பாடம் சொல்லுங்க சார், கேக்கறம்” என்றாள் அஞ்சலாட்சி. மூன்று நாள் அப்படி உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் வாத்தியார் எட்டே முக்காலுக்கே வந்து கதவைத் திறந்தார்.

அதன் பிறகு ஊர் சங்கத்தை வேறு கண்ணோடு பார்த்தது. குளத்தில் பெண்கள் குளிக்கும் துறைக்கு ஓலைத் தட்டி கட்டினார்கள். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்த ஒருவன் வீட்டு வாசலில் பத்துப் பேர் பேசாமல் போய் நின்றார்கள்; அவன் வெளியே தலை காட்டவில்லை. புதன்கிழமை நாற்று நட்டுவிட்டுக் காலில் சேறு காயாமல் நேரே சங்கத்துக்கு வருபவர்கள் உண்டு. கமலவேணி வாய்க்கால் கரையில் வருவதைப் பார்த்தால் வயலில் இருந்தே குரல் கொடுப்பார்கள். அந்த மூன்று வருஷமும் அவள் வேலைக்குப் போகிறோம் என்று நினைத்ததே இல்லை.

1976இல் உத்தரவு வந்தது. அவசரநிலைக் காலம். ஒவ்வொரு சேவிகாவும் தன் கிராமங்களிலிருந்து இத்தனை பேரைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு. கமலவேணிக்கு ஒன்பது பேர். அதிகாரி கிருஷ்ணசாமி கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை நெருக்கினார்கள். அவர் கீழே இருந்தவர்களை நெருக்கினார்.

“தை மாசக் கடைசிக்குள்ள ஒம்போது பேரு வேணும்மா. கொறஞ்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. யானத்துல ஒரு எடம் காலியா கெடக்குது. ஒன் பேர எழுதிடுவாங்க.”

யானம் என்றால் புதுச்சேரி அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குத் தண்டனை மாதிரி. பேர்தான் புதுச்சேரி, இருப்பது கோதாவரிக் கரையில். மெட்ராஸ் போய் ரயில் ஏறி ஒரு ராத்திரி போக வேண்டும். பேசுவது தெலுங்கு. சந்திரகலாவுக்கு அப்போது மூன்று வயது. மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கணவன் இராமதாஸ் மில்லில் வேலை செய்தான். மில்லில் அந்த வருஷம் பாதி நாள் கதவடைப்பு.

“நீ யானத்துக்குப் போவறதுன்னா வேலய வுட்டுடு” என்றான் இராமதாஸ். “வுடவும் முடியாது. அப்பறம் என்னா யோசன? ஊர்ல பொம்பளைங்களுக்கா பஞ்சம்? ஒன் பேச்சுக்கு ஒம்போது பேரு வர மாட்டாங்களா?”

வருவார்கள். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

செல்வாம்பாளிடம்தான் முதலில் சொன்னாள். அவள் பாக்கை வாயில் அதக்கியபடி கேட்டுவிட்டு, “வேணுங்கறவ போவட்டும். நாலு, அஞ்சு பெத்து ஓஞ்சி கெடக்கறாளுவ, அவளுங்கள நான் தடுக்க மாட்டேன். ஆனா சங்கத்துப் பேர வச்சிக் கூப்புடாத. இந்தப் பாயில ஒக்கார வச்சிக் கேக்காத. அவ்ளதான் சொல்வேன்” என்றாள்.

எட்டுப் பேர் கஷ்டமில்லாமல் கிடைத்தார்கள். ஆறு பெற்றவள், ஏழு பெற்றவள், இனி ஒன்று என்றால் செத்துப்போவேன் என்று தானே வந்து கேட்டவள். அவர்கள் விஷயத்தில் கமலவேணிக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஒன்பதாவது பெயருக்குத்தான் பத்து நாள் அலைந்தாள். மற்ற கிராமங்களில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தை மாதம் முடிய நாலு நாள் இருந்தது.

அஞ்சலாட்சி வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் அரிகிருஷ்ணன் கரும்பு வெட்டப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கமலவேணி கரையில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துப் பேச முயன்று, முடியாமல் நேரடியாகக் கேட்டுவிட்டாள்.

“எனக்கு ரெண்டுதானக்கா” என்றாள் அஞ்சலாட்சி.

“ரெண்டு போதும்னுதான சொல்றாங்க. ஒரு பொண்ணு, ஒரு புள்ள. ஒனக்கு என்னா கொறச்சல்? இன்னும் பெத்துக்கிட்டே போனா நீ எப்படிப் படிக்கறது, சங்கத்துக்கு வரது?”

“அவுரு ஊர்ல இல்ல.”

“வந்ததும் நான் பேசறேன். எதுவானாலும் நான் இருக்கேன், சங்கம் இருக்குது. ஒன்ன வுட்டுடுவமா?”

அஞ்சலாட்சி துவைத்த துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள். ஒரு நாளும் பதில் சொல்ல யோசிக்காதவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததைக் கமலவேணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும், எழுந்து போகவில்லை.

“நாளைக்கு சொல்றன்க்கா” என்றாள் அஞ்சலாட்சி. மறுநாள் காலையில் சங்க அறைக்குத் தானே வந்து, “சரிக்கா, எழுதிக்குங்க” என்றாள். படிவத்தில் கட்டைவிரல் மசி தேவைப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள்.

டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். வேனில் ஒன்பது பேரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். திரும்பும்போது ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள். கிருஷ்ணசாமி கமலவேணியைத் தனியாகக் கூப்பிட்டு, “பொழச்சிட்டம்மா” என்றார்.

அரிகிருஷ்ணன் வந்து ஒரு நாள் சோறு சாப்பிடாமல் கிடந்தான். பிறகு, “ஆனது ஆச்சி, ரெண்டு இருக்குது, போதும்” என்று விட்டுவிட்டான். அவன் அப்படிப்பட்டவன்தான். ஆனால் ஒன்பது பேரில் ஒருத்திக்குத் தையல் போட்ட இடம் புண்ணாகி, சீழ் வைத்து, இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. ஊரில் பேச்சு பரவியது. சங்கத்துக்குப் போனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆண்கள் சொன்னார்கள். கல்யாணமாகாத பெண்களை அம்மாக்கள் அனுப்பவில்லை. முப்பது பேர் உட்கார்ந்த பாயில் பன்னிரண்டு பேர், பிறகு ஏழு பேர். வயலிலிருந்து யாரும் குரல் கொடுப்பதில்லை. கமலவேணி வந்தால் குனிந்து களை பறித்தார்கள். அஞ்சலாட்சி மட்டும் ஒரு புதன்கிழமையும் தவறவில்லை.

1978 ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. சுற்று வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அஞ்சலாட்சியின் மகன் கோவிந்தசாமிக்கு ஆறு வயது. திங்கட்கிழமை காய்ச்சல், புதன்கிழமை வலிப்பு. தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினார்கள். வியாழக்கிழமை விடிவதற்குள் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அஞ்சலாட்சி சங்க அறைக்கு வந்தாள். அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. கமலவேணியின் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, கட்டிப் போட்டத திருப்பி அவுத்து வுட முடியுமா?”

கமலவேணி அவளை டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மெட்ராஸில் சில பேர் முயற்சி செய்கிறார்கள், பலன் கிடைப்பது அபூர்வம், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். வெளியே வந்து இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். “காபி குடிக்கறியா?” என்று கமலவேணி கேட்டாள். “வேணாம்க்கா, வயிறு நெறஞ்சி இருக்குது” என்றாள் அஞ்சலாட்சி. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது கமலவேணிக்குத் தெரியும்.

அதன் பிறகு ஆலஞ்சேரிக்கு நடக்கும் ஒன்றரை மைல் பத்து மைல் ஆயிற்று. அஞ்சலாட்சி எப்போதும் போல வந்தாள், கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அடுத்த வருஷம் கமலவேணி கிருஷ்ணசாமியிடம் போய், டவுனில் உப்பளம் பகுதி அலுவலகத்தில் மேஜை வேலை கேட்டாள். முகாமுக்கு ஆள் கொண்டுவந்த நன்றி அவருக்கு இருந்தது. உடனே போட்டுக் கொடுத்தார். ஆலஞ்சேரிக்கு வேறு சேவிகா வரவில்லை. சங்கச் சாவியைச் செல்வாம்பாளிடம் கொடுத்தபோது அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “சரி, போய்ட்டு வா” என்றாள்.

அதற்கு அடுத்த ஆவணியில்தான் தட்டோடு அஞ்சலாட்சி வந்தாள்.

கல்யாணத்தன்று கமலவேணி புடவை மாற்றிக்கொண்டு, பெண்ணுக்கு வைக்க ஒரு ஜாக்கெட் துணியும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். வில்லியனூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தும்விட்டாள். பழைய சங்கத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். கண்டக்டர் விசில் கொடுப்பதற்கு முன் இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டாள். ஜாக்கெட் துணியைச் சந்திரகலாவுக்குத் தைத்துப் போட்டார்கள்.

வருஷங்கள் ஓடின. மாமியார் போய்ச் சேர்ந்தாள். கமலவேணிக்குப் பதவி உயர்வு வந்தது. 1986இல் கிராமத்துப் பெண்களைக் குழுக் குழுவாகச் சேர்க்கும் புதிய திட்டம் ஒன்று வந்தது. பழைய மாதர் சங்கங்கள் இருந்த ஊர்களிலிருந்தே தொடங்கலாம் என்றார் புதிதாக வந்திருந்த அதிகாரி. பட்டியலில் ஆலஞ்சேரி மூன்றாவதாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று இரண்டு முறை தள்ளிப்போட்டாள். மூன்றாவது முறை முடியவில்லை.

வாய்க்கால் கரை தார் ரோடு ஆகியிருந்தது. அந்த ஓட்டு அறை இடிந்து, அங்கே யாரோ வைக்கோல் போர் போட்டிருந்தார்கள். செல்வாம்பாள் செத்து மூன்று வருஷம் ஆயிற்று என்று வழியில் பார்த்த ஒரு பெண் சொன்னாள். “சங்கத்துக்கா வந்தீங்க? மாரியம்மன் கோயிலாண்ட இருப்பாங்க, இன்னிக்குப் புதன்கெழமதான” என்று கையைக் காட்டினாள்.

கோயில் வேப்பமரத்தடியில் பதினெட்டு இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஞ்சலாட்சி. கண்ணாடி போட்டிருந்தாள். மடியில் ஒரு காகிதம். ஏரிக்கரைக் குடிசைகளுக்கு மனைப்பட்டா கேட்டு எழுதிய மனுவைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கமலவேணியைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்தினாள். எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். மனுவைக் கமலவேணியிடம் நீட்டி, “தப்பு இருந்தா திருத்துங்கக்கா” என்றாள். கமலவேணி இரண்டு முறை படித்தாள். திருத்த ஒன்றும் இல்லை.

வந்த விஷயத்தைச் சொன்னாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொன்னது அஞ்சலாட்சிதான்.

“இது இப்பிடியே இருக்கட்டும்க்கா. ஆபீஸுல பேரு எழுத வேணாம். நீங்க வரணும்னா எப்ப வேணா வாங்க, ஒக்காருங்க, எங்க கூட சாப்புடுங்க. எழுத மட்டும் வேணாம்.”

யாரும் முகம் கடுக்கவில்லை. கேழ்வரகு அடை கொடுத்தார்கள். நாலு மணி பஸ்ஸுக்குக் கமலவேணி எழுந்தபோது, அஞ்சலாட்சியும் கூடவே ரோடு வரைக்கும் வந்தாள். சுலோசனா டவுனில் பத்தாவது படிப்பதையும், சின்னப்பாப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதையும், தன்னைப் ‘பெரீம்மா’ என்று கூப்பிடுவதையும் சொன்னாள். அரிகிருஷ்ணன் தன்னிடம் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை, ஆனால் மரியாதைக் குறைவாக நடத்துவதும் இல்லை என்றாள்.

மதகுக்குப் பக்கத்தில் கமலவேணி நின்றுவிட்டாள். பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது விட்டால் சொல்லவே முடியாது என்று தோன்றியது.

“அஞ்சலாட்சி, அன்னிக்கி ஒன் நல்லதுக்குன்னு நான் ஒன்னக் கூப்புடல. ஒம்போது பேரு காட்டலன்னா என்ன யானத்துக்கு மாத்திடுவாங்க. எட்டுதான் கெடச்சிது. அதுக்காகத்தான் ஒன்னக் கேட்டேன்.”

“தெரியும்க்கா.”

“யாரு சொன்னாங்க?”

“அப்பவே தெரியும். நீங்க வாய்க்காலாண்ட வந்து கேட்டுட்டுப் போன அன்னிக்கி, நான் சொன்னதக் கேட்டு செல்வாம்பா அக்கா ஒங்க ஆபீஸுக்குப் போயி ஒங்க சாருகிட்ட சண்ட போட்டுட்டு வந்தாங்க. அவுருதான் யானம் சமாச்சாரத்த சொல்லியிருக்காரு. அக்கா எங்கிட்ட வந்து, ‘அவ போனா போறா, நீ ஒத்துக்காத’ன்னாங்க.”

“அப்பறம் ஏன்டி ஒத்துக்கிட்ட?”

அஞ்சலாட்சி வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தாள்.

“நீங்க போயிட்டா சங்கம் போயிடும்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடி நான் என்னா? அடுப்பு, மாடு, களையெடுப்பு. பேர எழுதக் கத்துக்கிட்டு, நாலு பேரு முன்னாடி நின்னு பேசி, வாத்தியாரையே கேள்வி கேட்டு... அது எனக்கு வேண்டியிருந்துச்சி. ரெண்டு புள்ள இருக்குதே, இதக் குடுத்து அத வச்சிக்குவோம்னு ஒரு கணக்குப் போட்டேன். ராத்திரி பூரா யோசிச்சிதான் காலைல வந்தேன். நீங்க என்ன ஏமாத்தல.”

பிறகு அதே குரலில் சொன்னாள்: “ஆனா நீங்க போயிட்டீங்க.”

கமலவேணி மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். தனக்குப் பயந்து அவள் ஒப்புக்கொண்டாள், அல்லது தன்னை நம்பி ஒப்புக்கொண்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி எதற்காகக் கொடுத்தாளோ அதை எடுத்துக்கொண்டு போய் உப்பளத்தில் ஒரு மேஜைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது தான்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது. பிள்ளை செத்தது தன் குற்றமில்லை. அவள் எதிரில் உட்கார்ந்திருக்க முடியாமல் ஓடிப்போனது வேறு யார் குற்றமும் இல்லை.

நாலு மணி பஸ் வந்து, நின்று, போயிற்று. அஞ்சலாட்சி ஆறுதல் சொல்லவில்லை, விட்டுவிட்டும் போகவில்லை. அடுத்த பஸ் வரும் வரைக்கும் பக்கத்தில் நின்றாள். இடையில் ஒரு முறை, “கல்யாணத்துக்கு வருவீங்கன்னு பாத்தேன். பந்தியில ஒங்களுக்கு எடம் புடிச்சி வச்சிருந்தன்” என்றாள். பஸ் வந்ததும், கமலவேணியின் கைப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மனுவில் கையெழுத்து வாங்கும் வேலை பாக்கி இருந்தது.

அன்று சாயங்காலம் கமலவேணி இராமதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே வந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“யானத்துக்குப் போவாதன்னு அன்னிக்கி நாந்தான சொன்னேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்குது.”

“நீங்க சொன்னீங்க” என்றாள் கமலவேணி. “செஞ்சது நானு. அப்பறம் வுட்டுட்டு வந்ததும் நானு. அதுல யாருக்கும் பங்கு குடுக்க முடியாது.”

மேசை மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சந்திரகலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கமலவேணி எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். வரும் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஆலஞ்சேரிக்குப் போய் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்தாள். போக முடியுமா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.